கிடந்த எஞ்சினும் ஓடிய எஞ்சினும்

ஒரே ஆண்டில் தயாரான, ஒரே குதிரைத்திறன் கொண்ட இரண்டு அவுட்போர்டு எஞ்சின்கள் விலைக்கு வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று நேற்றுவரை கடலுக்குப் போய்வந்தது. மூடியில் கீறல்கள், காலில் பெயிண்ட் உரிந்து அலுமினியம் தெரிகிறது, ஸ்டார்ட்டர் கயிறு எப்போதோ மாற்றப்பட்டிருக்கிறது. மற்றது ஏழெட்டு வருடமாக ஒரு கொட்டகையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. பெயிண்ட் மங்கவில்லை, கம்பெனி எழுத்துகூட அழியவில்லை. "அதிகமா ஓடவே இல்லைங்க" என்கிறார் விற்பவர். பார்த்ததும் கை இரண்டாவதைத் தடவிப் பார்க்கத்தான் போகும். என்னைக் கேட்டால் முதலாவதை முதலில் சோதித்துப் பாருங்கள் என்பேன்.

ஓடித் தேய்ந்த எஞ்சினில் சேதம் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே தெரியும்: பிஸ்டன் ரிங், சிலிண்டர் சுவர், பேரிங், கியர். அதில் முக்கியமானதை, சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் ஒரு சாதாரண கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பத்து நிமிடத்தில் அளந்துவிடலாம். சும்மா கிடந்து கெட்ட எஞ்சினில் சேதம் ரப்பரிலும், கார்புரேட்டரின் நுண்துளைகளிலும், தண்ணீர் ஓடும் பாதைகளின் உட்சுவரிலும் நடந்திருக்கும். அந்தச் சேதம் கேஜில் காட்டாது, கரையில் வைத்துக் கிளப்பினாலும் காட்டாது. இரண்டு கடல்மைல் போனபிறகு காட்டும். பழைய அவுட்போர்டுகளுக்கு "எப்பவும் தொல்லை" என்ற பெயர் வந்ததில் தேய்மானத்தைவிட இந்த வேதியியலுக்கே பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

எஞ்சின், கியர், புரொப்பல்லர், குளிரூட்டும் பம்பு எல்லாம் ஒரே உடலாகச் சேர்ந்து, படகின் பின்பலகையில் இரண்டு திருகுப் பிடிகளால் மாட்டப்படுவதுதான் அவுட்போர்டு. சிறியதைக் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்கே கொண்டுபோய்விடலாம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பட்டறை நடத்திய ஓலே எவின்ரூட் 1909இல் விற்கத் தொடங்கியது ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். ஒன்றரைக் குதிரைத்திறன், எடை 62 பவுண்டு, அதாவது 28 கிலோ. இன்று குளச்சல் கரையில் நிற்கும் ஃபைபர் படகின் 9.9 குதிரைத்திறன் எஞ்சினை அவரிடம் காட்டினால் எது எங்கே இருக்கிறது என்று அவர் யாரையும் கேட்கவேண்டியிருக்காது. மேலே சிலிண்டர், நடுவே செங்குத்தான ஷாஃப்ட், கீழே சுழற்சியைத் திருப்பிவிடும் சாய்வுப் பல்சக்கரங்கள், கடைசியில் புரொப்பல்லர். நூறு வருடத்துக்கு மேலாகியும் அந்த வரிசை மாறவில்லை; கடல்நீரை நேரடியாகக் குடித்தே தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழக்கமும் மாறவில்லை.

நம் கரைகளில் செகண்ட் ஹேண்டில் கைமாறுபவற்றில் டூ ஸ்ட்ரோக்குகள் நிறைய. வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை, ஆயிலுக்குத் தனித் தொட்டியும் இல்லை. எரிபொருளோடு கலந்து ஊற்றும் ஆயில் (பல மாடல்களில் 50 பங்குக்கு 1 பங்கு) கிராங்க் அறை வழியாகப் போகிற போக்கில் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டுப் போகிறது. எடை குறைவு, பிரித்து மாட்டவும் எளிது. ஆனால் புகை வெளியேறும் துளையும் புதுக் கலவை நுழையும் துளையும் சிறிது நேரம் சேர்ந்தே திறந்திருப்பதால், எரிபொருளில் ஏறக்குறைய கால் பங்கு எரியாமலே தண்ணீருக்குள் போகும். அமெரிக்காவின் டாஹோ ஏரியில் 1999 ஜூன் முதல் கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக்குகளைத் தடை செய்தது இதனால்தான்.

வாங்குபவர் மனதில் வைக்கவேண்டிய விஷயம் வேறொன்று. டூ ஸ்ட்ரோக்கில் எரிபொருள் குறைந்தால் ஆயிலும் குறையும். கார்புரேட்டரில் ஒரு ஜெட் பாதி அடைத்துக்கொண்டால் அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் போதாமல் கலவையில் காற்று மிஞ்சும், சூடு ஏறும். சூடு ஏறும் அதே நேரத்தில் பிஸ்டனுக்குப் போகும் மசகும் குறைந்துவிடும். பிஸ்டன் விரிந்து சுவரை உரசிப் பிடித்துக்கொள்ள வேறென்ன வேண்டும்? நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் திடீரென்று ஜாம் ஆகிவிட்டது என்பார்கள். அந்தத் 'திடீர்' பல நேரம் அரை மில்லிமீட்டர் துளையில் மாதக்கணக்காகத் தயாராகிக்கொண்டிருந்ததாக இருக்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் இலங்கையின் வடக்கிலும் இந்த எஞ்சின்களில் பல மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. பெட்ரோலின் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் தீப்பற்றும். மண்ணெண்ணெய்க்கு 38 டிகிரி செல்சியஸாவது வேண்டும். அதனால்தான் குளிர்ந்த எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பினால்தான் மறுநாள் கிளம்பும்போது கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கும். மண்ணெண்ணெயின் ஆக்டேன் எண்ணும் மிகக் குறைவு. அதை அதிகமாக அழுத்தினால் கலவை ஒழுங்காக எரிந்து பரவாமல் ஆங்காங்கே தானே வெடித்து பிஸ்டன் தலையை அடிக்கும். ஆகவே மண்ணெண்ணெய் மாடல்களில் அழுத்த விகிதத்தைக் குறைத்தே தயாரிக்கிறார்கள். அதே அளவுச் சிலிண்டருக்குச் சக்தியும் சற்றுக் குறையும். பெட்ரோலுக்கென்று செய்த எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டியதாக விற்பவர் வாயிலிருந்தே வந்தால், மேற்கொண்டு பேரம் பேச எதுவுமில்லை. இலங்கையில் 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியது. அங்கே வாங்குபவர் அந்தக் காலத்தில் இந்த எஞ்சின் ஓடியதா, எவ்வளவு நாள் கிடந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, கேஜை எடுப்போம். ஸ்பார்க் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, அவற்றின் வயர்களை எஞ்சின் உடலோடு எர்த் செய்யவேண்டும். அப்படியே தொங்கவிட்டால் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் பழைய சிடிஐ யூனிட் பழுதாக வாய்ப்புண்டு. த்ராட்டிலை முழுக்கத் திறந்து, கேஜைப் பிளக் துளையில் திருகி, முள் மேலும் ஏறாமல் நிற்கும்வரை கயிற்றை வேகமாக இழுக்கவேண்டும். நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் டூ ஸ்ட்ரோக் பொதுவாக 100 பிஎஸ்ஐக்கு மேல் காட்டும், மண்ணெண்ணெய் மாடல் அதைவிடக் குறைவாக. மாடலுக்கு மாடல் இது மாறும், கேஜுக்குக் கேஜ்கூட மாறும். எனவே எண்ணை ரொம்ப நம்பவேண்டாம். இரண்டு சிலிண்டர்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைத்தான் பார்க்கவேண்டும். இடைவெளி பத்து சதவீதத்தைத் தாண்டினால் குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கலாம். முள் கணிசமாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது அல்லது கரி பிடித்து இறுகியிருக்கிறது. ஏறவே இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட், இல்லாவிட்டால் பிஸ்டனே.

கழற்றிய பிளக்குகளைத் தூக்கி எறிந்துவிடாமல் வரிசையாக வைத்துப் பாருங்கள். காய்ந்த பழுப்பு நிறம் நல்லது. எண்ணெய் வடியும் கறுப்பு என்றால் கலவை அடர்த்தி, அல்லது தீப்பொறி பலவீனம். வெள்ளை வெளேரென்று வெந்திருந்தால் எரிபொருள் போதவில்லை. இரண்டில் ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருக்கிறதா? சந்தோஷப்படாதீர்கள். கேஸ்கெட் வழியாகக் கசிந்த தண்ணீர் நீராவியாகி அந்தப் பிளக்கைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறது.

தீப்பொறி விஷயத்தில் பலரும் ஏமாறுவது ஓரிடத்தில். பிளக்கை வெளியே எடுத்து உடலோடு தொடவைத்துக் கயிற்றை இழுக்கிறோம், நீலமாகப் பொறி பறக்கிறது. "கரண்ட் சரியாத்தான் வருது" என்று முடிவுகட்டிவிட்டு கார்புரேட்டரைக் குடைய ஆரம்பிக்கிறோம். ஆனால் வெளியே பறக்கும் பொறி சிலிண்டருக்குள்ளும் பறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஜெர்மானிய இயற்பியலாளர் ஃப்ரீட்ரிக் பாஷென் 1889இல் கண்டறிந்த விதி இதை விளக்குகிறது: இரண்டு மின்முனைகளுக்கு நடுவிலுள்ள வாயுவைப் பிளந்து பொறி பாய எவ்வளவு வோல்ட் வேண்டும் என்பது, வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியின் நீளத்தையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது. திறந்தவெளியில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட நாலைந்தாயிரம் வோல்ட் போதும். பிஸ்டன் கலவையை அழுத்திப் பிடித்திருக்கும் நேரத்தில் அதே இடைவெளிக்குப் பல மடங்கு வேண்டும். உப்புக் காற்றில் வருடக்கணக்காக இருந்த இக்னிஷன் காயிலின் காப்பில் மயிரிழை வெடிப்பு இருந்தால், மின்சாரம் அவ்வளவு சிரமப்பட்டுச் சிலிண்டருக்குள் பாய்வதைவிட அந்த வெடிப்பு வழியாக ஓடிவிடும்.

இதற்கு மெக்கானிக்குகள் கையாளும் சோதனை அழகானது. அழுத்தத்தைக் கூட்ட முடியாவிட்டால் இடைவெளியைக் கூட்டு. ஆறேழு மில்லிமீட்டர் இடைவெளி வைத்த ஒரு டெஸ்டரில் பொறி தாண்டுகிறதா என்று பார்க்கிறார்கள். பாஷென் சொன்ன பெருக்கல் தொகை ஏறக்குறைய அதேதான். டெஸ்டரில் விடாமல் தாண்டினால் உள்ளேயும் தாண்டும் என்று நம்பலாம். மாலை வெளிச்சம் குறைந்தபின் மூடியைக் கழற்றி ஓடவிட்டுப் பார்ப்பதும் உண்டு. வயரிலோ காயிலிலோ ஒழுக்கு இருந்தால் ஊதா நிறத்தில் பளிச்பளிச்சென்று மினுங்கும்.

கிடந்த எஞ்சினின் முதல் எதிரி அதன் வயிற்றில் விட்டுவைத்த பெட்ரோல். பெட்ரோல் நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் எளிதில் ஆவியாகும் லேசான பொருட்கள்தான் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புகின்றன. முதலில் பறந்துபோவதும் அவைதான். மிச்சமிருப்பதில் சில மூலக்கூறுகள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, பிசினாகின்றன. கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் தேன் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது அதுதான். ஐடில் ஜெட்டின் துளையை முதலில் அடைப்பதும் அதுவே. வேகமாக ஓடும்போது ஒழுங்காக இருந்து, மெதுவாக்கினால் உடனே அணைந்துபோகும் எஞ்சினுக்கு இதுதான் வழக்கமான காரணம். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை ஜெட்டின் துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்று அடித்தால் போதும். கேஸ்கெட்டும் மிதவை ஊசியும் சேர்ந்த ரிப்பேர் கிட் வாங்கிப் போட்டுவிடுவது உத்தமம்.

எத்தனால் வந்தபிறகு இன்னொரு சங்கடமும் சேர்ந்திருக்கிறது. இந்தியாவில் பெட்ரோலோடு எத்தனால் கலப்பது 2022இல் 10 சதவீதத்தை எட்டியது, 2025இல் 20 சதவீதமானது. எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். கடலோர ஈரக்காற்று டேங்கின் காற்றுத்துளை வழியே போய்வந்துகொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் எத்தனால் தாங்கும் அளவை ஈரம் தாண்டிவிடும். அப்போது எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் போய்த் தங்கும். எரிபொருள் உறிஞ்சும் குழாயின் வாய் இருப்பது அங்கேதான். நாம் அளந்து கலந்த ஆயிலோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடுகிறது. அதாவது அடியிலிருந்து எஞ்சினுக்குப் போவதில் மசகே இல்லை. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இப்படிப்பட்ட எரிபொருளைக் குடித்தால் இருமி நின்றுவிடும். டூ ஸ்ட்ரோக்குக்கு உயிர்ச்சேதம். பழைய ஹோஸ்கள், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் ஆகியவையும் எத்தனாலை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. தொட்டால் பிசுபிசுக்கிற, அல்லது மடக்கினால் வெடிக்கிற ஹோஸை யோசிக்காமல் மாற்றிவிடலாம்.

அடுத்தது தண்ணீர் பம்பு. கியர் பாக்ஸுக்கு மேலே, ஷாஃப்ட்டைச் சுற்றி, ஆறேழு ரப்பர் இறக்கைகள் கொண்ட ஒரு சிறு சக்கரம் இருக்கிறது, இம்பெல்லர் என்பார்கள். அது சுழலும் கூடு சரியாக மையத்தில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். அகலமான பக்கத்தில் இறக்கை நிமிரும், ஒடுங்கிய பக்கத்தில் மடங்கும். நிமிரும்போது நீரை உறிஞ்சி, மடங்கும்போது மேலே தள்ளும். வேகம் கூடக்கூட நீரின் எதிர்ப்பில் இறக்கைகள் சுவரைவிட்டு விலகி, மையவிலக்கு விசையால் நீரை வீசும் பம்பாக அது மாறிவிடுகிறது. இத்தனை சின்ன ரப்பர் துண்டில் இரண்டு விதமான பம்புகள்.

ஓடும் எஞ்சினில் இறக்கை நொடிக்குப் பல தடவை மடங்கி நிமிர்கிறது. நின்ற எஞ்சினில் மூன்று நான்கு இறக்கைகள் மடங்கியபடியே மாதக்கணக்கில் கிடக்கும். குளச்சலில் ஒரு மெக்கானிக் அப்படிக் கிடந்த ஒன்றைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "இதப் பாருங்க சார், ரெக்க எல்லாம் ஒரு பக்கமாச் சாஞ்சு போச்சு. கையால நிமித்தினா நிக்கும், விட்டா படுத்துக்கும்" என்றார். ஒரு இறக்கையின் அடியில் நகம் பட்டதுபோல ஒரு விரிசல். அது பிய்ந்தால் எஞ்சினுக்குத் தண்ணீர் குறைவதோடு போகாது. பிய்ந்த துண்டு மேலே போய் ஏதாவதொரு குறுகலான வளைவில் மாட்டிக்கொள்ளும். புது இம்பெல்லர் போட்டபிறகும் எஞ்சின் சூடாகிறதே என்று குழம்புபவர்கள் பழைய இம்பெல்லரில் எத்தனை இறக்கைகள் குறைகின்றன என்று எண்ணிப்பார்க்க மறந்திருப்பார்கள். தண்ணீரில்லாமல் கரையில் வைத்து "சும்மா ஒரு தடவை கிளப்பிக் காட்டுவது" இந்த ரப்பரைக் கருக்கிவிடும், சில நொடிகளே போதும். எஞ்சினை ஒரு பீப்பாய்த் தண்ணீரில் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்பவரிடம் வாங்கவேண்டாம்.

பின்பக்கம் பீச்சியடிக்கும் சிறு தாரை வருகிறது, அப்படியானால் குளிரூட்டல் சரி என்று நினைக்கத் தோன்றும். தாரை சொல்வது பம்பு வேலை செய்கிறது என்பதை மட்டும்தான். சிலிண்டரைச் சுற்றியுள்ள பாதைகள் திறந்திருக்கின்றனவா என்பது வேறு கேள்வி. காரின் தெர்மோஸ்டாட் 80, 90 டிகிரியில் திறக்கும். கடல்நீரை நேரே குடிக்கும் எஞ்சினில் அது 50 முதல் 60 டிகிரிக்குள் திறக்கும்படி வைத்திருக்கிறார்கள். சர்க்கரை சூடான நீரில் அதிகம் கரையும் என்று நமக்குத் தெரியும். கால்சியம் கார்பனேட்டும் கால்சியம் சல்ஃபேட்டும் அதற்கு நேர்மாறு. சூடு ஏற ஏறக் கரைசலைவிட்டு வெளியே வந்து சுவரில் படியும். அதனால்தான் கடல் எஞ்சினைக் கொஞ்சம் குளிர்ச்சியாகவே ஓட்டவேண்டியிருக்கிறது. தெர்மோஸ்டாட் மாட்டிக்கொண்டு ஒருநாள் சூடேறினால் அன்றே சுண்ணாம்புப் படிவம் தொடங்கும். படிவம் பாதையைக் குறுக்கும். குறுகிய பாதை அடுத்தமுறை இன்னும் சீக்கிரம் சூடாக்கும். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நீரை உள்ளேயே விட்டு நிறுத்தினால், அது உலர்ந்து கல்லாவது தனிக் கணக்கு. சிலிண்டர் ஹெட்டைச் சுற்றி பெயிண்ட் பொரிந்தோ கறுத்தோ இருந்தால் அந்த எஞ்சின் ஒருமுறையாவது நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். காலில் மட்டும் புதுப் பெயிண்ட் என்றால் இன்னும் கவனம். எதை மறைக்க அடித்தார்கள்?

மறைப்பது பெரும்பாலும் அரிப்பைத்தான். எஞ்சினின் உடல் அலுமினியக் கலவை. புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் போல்ட்டுகளும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டு வேறு உலோகங்களை உப்புநீரில் தொடவைத்தால் அது ஒரு பேட்டரி. அதில் கரைவது அலுமினியம். இதற்கு மருந்து 200 வருடம் பழையது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடியில் அடித்திருந்த செப்புத் தகடுகள் அரித்துப்போவதைத் தடுக்கச் சொல்லி வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியிடம் கேட்டார்கள். செம்போடு சிறு துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ இணைத்துவிட்டால், அந்தத் துண்டு கரையும், செம்பு தப்பிக்கும் என்று அவர் 1824இல் காட்டினார். உண்மையிலேயே செம்பு கரையவில்லை. ஆனால் கரைந்த செம்பின் நஞ்சுக்குப் பயந்து ஒதுங்கியிருந்த கொட்டலசும் பாசியும் இப்போது தைரியமாக வந்து ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் கெடுத்தன. கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது; டேவிக்கு அவமானமாகப் போயிற்று. தத்துவம் மட்டும் தப்பி, இன்று ஒவ்வொரு அவுட்போர்டின் காலிலும் சாம்பல் நிற அனோட் கட்டியாகத் தொங்குகிறது. அது பாதி கரைந்திருந்தால் ஒழுங்காக உழைத்திருக்கிறது, மாற்றவேண்டும். பல வருட எஞ்சினில் புதுக்கருக்கு மாறாமல் இருந்தால் இரண்டே காரணம்: போன வாரம் மாட்டியது, அல்லது யாரோ அதன்மேல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். பெயிண்ட் அடித்த அனோட் கடல்நீரைத் தொடாது. அதன் பங்கையும் சேர்த்து எஞ்சின் உடல் கரையும்.

இந்த அரிப்பு இன்னொரு வடிவத்தில் பட்டறையில் வெளிப்படும். ஸ்டீல் போல்ட் இறங்கியிருக்கும் அலுமினியத் துளைக்குள் உருவாகும் வெண்மாவு, கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் பிடிப்பது. அது போல்ட்டை எல்லாப் பக்கமும் இறுக்கிவிடும். பலம்கொண்டு திருகினால் போல்ட்டின் தலை கையோடு வரும். பத்து நிமிட இம்பெல்லர் வேலை இரண்டு நாள் லேத் வேலையாகும். ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி பொறுத்து, பிறகு சூடுகாட்டவேண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கு விரிகிறது, ஸ்டெயின்லெஸ் சுமார் 17 பங்கு. ஆகவே துளை போல்ட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக அகலும். அந்தக் கொஞ்சம்தான் நமக்கு வேண்டியது. வாங்கும்போதே காலின் போல்ட்டுகளில் ஒன்றையாவது விற்பவர் கையாலேயே திருகிக் காட்டச் சொல்லலாம். ஓடிய எஞ்சினில் வருடாவருடம் இம்பெல்லர் மாற்றியிருந்தால் அது சொன்ன பேச்சு கேட்கும்.

கியர் பாக்ஸைப் பார்க்க ஒரு வெள்ளைத் துணியும் பெரிய ஸ்க்ரூ டிரைவரும் போதும். எஞ்சினை ஒருநாள் நிமிர்த்தி வைத்திருந்து, கீழ் ஸ்க்ரூவை லேசாகத் தளர்த்துங்கள். ஆயிலைவிடத் தண்ணீர் கனம் என்பதால், உள்ளே தேங்கிய தண்ணீர் இருந்தால் முதலில் அதுதான் சொட்டும். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் ஆயிலோடு கலந்து அடிபட்டிருக்கிறது. சீல் கெட்டிருக்கிறது என்று பொருள். கெடுத்தது பெரும்பாலும் நைலான் நூல். புரொப்பல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொள்ளும் தூண்டில் நரம்பு, சுழற்சியில் உள்ளே நுழைந்து ரப்பர் சீலைக் கத்தியாக அறுக்கும். புரொப்பல்லரைக் கழற்றிப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்க்ரூவின் நுனியில் உலோகத் தூள் லேசாக ஒட்டியிருப்பது இயல்பு. சில்லுகள் இருந்தால் பல்சக்கரம் போய்க்கொண்டிருக்கிறது. இந்தப் பால்நிறத்துக்கு உலகத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. இங்கிலாந்தின் பூல் நகரத்துப் பிரிட்டிஷ் சீகல் எஞ்சின்களில் கியர் பாக்ஸுக்கு இறுக்கமான சீலே கிடையாது. கெட்டியான ஆயிலும் கடல்நீரும் கலந்த குழம்பிலேயே பல்சக்கரங்கள் ஓடும்படிதான் செய்தார்கள். பழைய சீகல்கள் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஆயில் குடிக்கும், வழியெல்லாம் புகைவிடும். உற்பத்தி 1996இல் நின்றது. இன்றும் உதிரிபாகம் கிடைக்கிறது, இன்றும் ஓடுகின்றன.

இதுவரை சொன்னதெல்லாம் வயதாலும் அலட்சியத்தாலும் வரும் நோய்கள். பிறவிக் கோளாறு வேறு. எரியாத பெட்ரோல் புகையோடு வெளியேறுவதைக் குறைக்க அமெரிக்கா 1996இல் விதி கொண்டுவந்தபோது, எவின்ரூட் பெயரைச் சுமந்துவந்த ஓஎம்சி நிறுவனம் ஃபிக்ட் என்ற ஜெர்மானிய நேரடி எரிபொருள் பீச்சு முறையை 1997 மாடல் எஞ்சின்களில் அவசரமாகக் கொண்டுவந்தது. தத்துவம் சரியானது: வெளியேறும் துளையை பிஸ்டன் மூடிய பிறகு பெட்ரோலைப் பீச்சினால் அது எரியாமல் தப்பிக்க வழியில்லை. ஆனால் முதல் சில வருட எஞ்சின்கள் வாடிக்கையாளர்களின் கையில் பழுதாகிக்கொண்டே இருந்தன. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலானது. பெயரை வாங்கிய பம்பார்டியர் அந்தத் தொழில்நுட்பத்தைச் செப்பனிட்டு ஓட்டிக்காட்டியது. 2020இல் எவின்ரூட் உற்பத்தியே நின்றுவிட்டது. இப்படிப்பட்ட மாடல் மலிவாகக் கிடைத்தால் அந்த மலிவுக்குக் காரணம் இருக்கிறது. அதைச் சரிசெய்ய டயக்னாஸ்டிக் கருவியும் அதற்கான சாஃப்ட்வேரும் தெரிந்த ஆளும் வேண்டும்; ஸ்பானர் போதாது.

ஸ்பானர் போதும் என்ற காலமும் இருந்தது. 1939இல் கார்ல் கீக்ஹேஃபர் என்பவர் விஸ்கான்சினின் சீடர்பர்க்கில் நொடித்துப்போன ஒரு தொழிற்சாலையை வேறு சரக்கு தயாரிக்க வாங்கினார். உள்ளே சுமார் 300 அவுட்போர்டுகள் கிடந்தன. ஒழுங்காக ஓடவில்லை என்று ஆர்டர் கொடுத்த கடைக்காரர்களே திருப்பியனுப்பியவை. கையில் காசில்லாததால் அவற்றைப் பிரித்துச் சரிசெய்து அதே கடைக்கு விற்றார். கடை இன்னும் கேட்டது. மெர்க்குரி என்ற பெயரில் இன்று உலகமெங்கும் ஓடும் அவுட்போர்டுகளின் கதை அங்கே தொடங்குகிறது.

விலை பேசும் நேரத்துக்கு வருவோம். எஞ்சினைப் பார்க்கப் போகும்போது அது சூடாக இருக்கக்கூடாது. மூடியைத் தூக்கிக் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நீங்கள் வருமுன் ஒருமுறை கிளப்பி வைத்திருக்கிறார்கள், ஆறட்டும் என்று டீ குடித்துவிட்டு வரலாம். எஞ்சின் நம்பர் தகடு சுரண்டப்பட்டிருந்தாலோ ரசீதோடு பொருந்தாவிட்டாலோ அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இம்பெல்லர், தெர்மோஸ்டாட், கார்புரேட்டர் கிட், ஹோஸ், பிளக், கியர் பாக்ஸ் சீல், ஆயில், அனோட் எல்லாம் உடனே மாற்றவேண்டியவை என்று எடுத்துக்கொண்டு அந்தத் தொகையைக் கேட்கும் விலையிலிருந்து கழிக்கவேண்டும். கிடந்த எஞ்சினுக்கும் இதே கழிவுதான், பளபளப்புக்குக் கூடுதல் கிடையாது. கம்ப்ரஷன் ஒத்துப்போய், போல்ட்டுகள் திரும்பி, ஹெட்டில் பெயிண்ட் கருகாமல் இருந்தால் அதையும் தாராளமாக வாங்கலாம்; ஆனால் எஞ்சினை வாங்கிய நாளே கடலுக்குக் கொண்டுபோகக்கூடாது. உங்கள் ஊரில் பலர் வைத்திருக்கும் மாடலா என்பதும் பெரிய விஷயம். சுமாரான எஞ்சினுக்கு உதிரிபாகம் பக்கத்துத் தெருவில் கிடைப்பது, அருமையான எஞ்சினுக்கு வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருப்பதைவிட மேல்.

வாங்கியபின் செய்யவேண்டியது சலிப்பூட்டும் அளவுக்கு எளியது. கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓடவிடுவது. சில வாரம் ஓடாது என்று தெரிந்தால் எரிபொருள் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் காலியாகி எஞ்சின் தானே அணையும்வரை விடுவது, பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டுக் கயிற்றை மெதுவாக இழுத்துவைப்பது. கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் வைத்திருக்காமல் தேவைக்கு மட்டும் கலப்பது. தலைகீழாகக் கடலில் விழுந்துவிட்டால் மட்டும் நிதானம் கூடாது. மூழ்கிய எஞ்சின் நீருக்குள் இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. வெளியே எடுத்து உப்பு ஈரத்தோடு காற்றுப் படும்போதுதான் பேரிங்குகள் மளமளவென்று துருப்பிடிக்கும். உடனே நல்ல தண்ணீரில் கழுவி, பிளக் கழற்றி, கவிழ்த்து நீரை வடித்து, ஆயில் விட்டு, அன்றைக்கே கிளப்பிவிடவேண்டும். மறுநாள் மெக்கானிக் வரட்டும் என்று காத்திருந்தால் பல எஞ்சின்கள் பிழைப்பதில்லை.

கம்ப்ரஷன் போய், பிஸ்டன் இறுகி, யாரும் சீந்தாத எஞ்சின் ஒன்று உங்கள் மாடலிலேயே இரும்பு விலைக்கு வந்தால் அதை விடாதீர்கள். மேல்பாதி செத்தாலும் அதன் கியர் பாக்ஸ், கார்புரேட்டர், காயில், ஸ்டார்ட்டர், மூடி எல்லாம் நல்ல நிலையில் இருக்கக்கூடும். முதல் வேலையாக அதன் போல்ட்டுகளையெல்லாம் கழற்றி கிரீஸ் தடவித் திரும்ப மாட்டிவைத்துவிட்டால், தேவைப்படும் அன்றைக்கு உடையாமல் கழன்று வரும்.